வீட்டுக்கு நிழல் மரம்: எதை நடுவது, எங்கே நடுவது?

புதிதாக வீடு கட்டிக் குடிபுகும் உழவர்கள் பலரும் முதல் மழைக்கே வாசலில் ஒரு மரக்கன்றை நட்டுவிடுகின்றனர். அது என்ன மரம், இருபது ஆண்டில் எவ்வளவு பெரிதாகும், வேர் எவ்வளவு தூரம் ஓடும் என்று அப்போது எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பயிரில் தவறான இரகத்தை விதைத்துவிட்டால் அந்த நட்டம் ஒரு போகத்துடன் தீர்ந்துவிடும். மரம் அப்படியன்று. தவறான இடத்தில் நட்ட மரம் பதினைந்து ஆண்டு வளர்ந்து, ஓட்டை உடைத்து, சுவரில் விரிசல் விழச் செய்து, கடைசியில் கூலி கொடுத்து வெட்ட வேண்டியதாகிவிடும். வெட்டிய பிறகு வீடு மறுபடியும் வெயிலில் நிற்கும். இன்னொரு கன்றை வைத்து மேலும் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆகவே நாற்றங்காலுக்குப் புறப்படும் முன்பே இரண்டு செய்திகளை முடிவு செய்துகொள்ளுங்கள். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்து உங்கள் வீட்டை வாட்டுகிறது என்பது ஒன்று. அந்த வெயில் மாதங்களில் நீங்கள் நடப்போகும் மரத்தில் இலை இருக்குமா என்பது மற்றொன்று. பூவும் அழகும் இவற்றுக்குப் பிறகுதான்.

வெயில் வரும் பக்கம்

வீட்டின் தெற்குப் பக்கம் நிழல் மரம் நடும்படி சில நூல்களில் எழுதியிருக்கும். அவை குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே கோடையிலும் நண்பகல் கதிரவன் தெற்கு வானில்தான் நிற்கும். நமது நிலை வேறு. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 முதல் 13½ பாகைக்குள் அமைந்துள்ளது. எனவே சித்திரை மாதத்தில் நண்பகல் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும், சென்னைப் பக்கம் ஏப்ரல் 24-ஆம் நாளை ஒட்டியும் இது நிகழும். அதன் பிறகு ஆடி முடிய நண்பகல் கதிரவன் சற்று வடக்கே சாய்ந்துதான் செல்கிறது.

இதனால் கடுங்கோடையில் நம் வீட்டின் தெற்குச் சுவரில் வெயில் அதிகம் படுவதில்லை. காய்பவை இரண்டே. ஒன்று கூரை, மற்றொன்று மேற்குச் சுவர். கூரைக்கு நண்பகலில் நிழல் வேண்டுமானால் மரக்கிளை கூரைக்கு மேலேயே கவிய வேண்டும். அது ஆபத்து. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதே எளிய வழி. மரம் காப்பாற்ற வேண்டியது மேற்குச் சுவரை. பிற்பகல் 2 மணி முதல் பொழுது சாயும் வரை அச்சுவர் வெயிலைக் குடிக்கிறது. குடித்த சூட்டை இரவு முழுவதும் உள்ளே விடுகிறது. சித்திரையில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அந்தச் சுவரின் உட்புறம் கையை வைத்துப் பாருங்கள், புரியும்.

ஆகவே நிழல் மரத்துக்கு முதல் இடம் மேற்கும் வடமேற்கும். அடுத்தது கிழக்கு. தெற்குப் பக்கத்தைத் திறந்து விடுவதே நல்லது. மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தெற்கே இறங்கி வரும்போது அந்தப் பக்கத்து வெயில் நமக்குத் தேவை. நெல்லும் உளுந்தும் காய வைக்கும் வாசலில் மரத்தை வைத்து நிழலாக்கிக் கொண்டவர்கள் பிறகு தார்ச்சாலையில் கொண்டுபோய்க் கொட்டிக் காய வைப்பதைக் காண்கிறோம்.

இடத்தைக் குறிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு நாள் மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரின் நடுவில் முதுகு படும்படி நின்று கதிரவனைப் பார்த்த திசையில் நேராக நடந்து செல்லுங்கள். நேர் மேற்கைவிடச் சற்று வடக்கே போவீர்கள். அந்தக் கோட்டில் எங்காவது ஓரிடத்தில்தான் உங்கள் மரம் நிற்க வேண்டும்.

எவ்வளவு தூரத்தில்?

சுவரை ஒட்டி நட்டால்தான் நிழல் விழும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. சித்திரையில் மாலை 4 மணிக்கு ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம் விழும். 30 அடி மரத்தின் நிழல் 40 அடிக்கு மேல் எட்டும். அம்மரத்தைச் சுவரிலிருந்து 20 முதல் 25 அடி தள்ளி நட்டாலும் 4 மணிக்கு 10, 12 அடி உயரமுள்ள சுவர் முழுவதும் நிழலில் இருக்கும். கிளை ஓட்டைத் தொடாது, வேர் அடித்தளத்தை நெருக்காது, சருகு கூரையின் மடிப்பில் அடைத்துக்கொள்ளாது. வேம்பு, புங்கம் போன்ற பெரிய மரங்களுக்கு இந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டாம். கிணறு, கழிவுத்தொட்டி ஆகியவற்றிலிருந்தும் இதே அளவு தள்ளியே நட வேண்டும்.

மேற்கே பத்தடிதான் இருக்கிறது என்பவர்கள் பெரிய மரத்துக்கு ஆசைப்படாமல் இருப்பது நலம். கறிவேப்பிலை, பவழமல்லி, நெல்லி, கொய்யா போன்றவற்றை 8, 10 அடியில் நட்டுக் கவாத்து செய்து வளர்க்கலாம். அல்லது பந்தல் போட்டுப் புடலை, பீர்க்கு, கோவை ஏற்றலாம். மின்கம்பி செல்லும் இடத்தின் கீழும் இத்தகைய சிறு மரங்களையே வைக்க வேண்டும். ஆண்டுதோறும் கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் வெட்டப்படும் பெரிய மரம் நிலை தவறி மறுபக்கம் சாய்கிறது. பெரும்பாலும் அந்த மறுபக்கத்தில் வீடு இருக்கிறது.

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றை யாரும் வீட்டருகில் நடுவதில்லை. ஆனால் பறவைகள் நடுகின்றன. கிணற்றுச் சுவரிலும் மொட்டை மாடியிலும் முளைக்கும் இக்கன்றுகளை விரல் பருமன் ஆகும் முன்பே வேருடன் பிடுங்கிவிடுங்கள். பருத்த பிறகு அவற்றை எடுக்கச் சுவரையே பிரிக்க நேரிடும்.

சித்திரையில் இலை இருக்கிறதா?

மாணவர்களைக் கிராமப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றபோது ஒரு வீட்டில் சமையலறைச் சுவரிலிருந்து ஆறடியில் நின்ற குல்மோகர் மரத்தைக் கண்டோம். செந்தணலாய்ப் பூத்திருந்தது. மாணவர்கள் படம் பிடித்தனர். வீட்டு அம்மாள் சொன்னார்: “பூக்கிறப்ப இலை இல்லை சார், இலை வர்றப்ப வெயில் இல்லை. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?” நிழல் மரம் பற்றிய பாடத்தில் பாதி அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிட்டது. குல்மோகர் தை முதல் பங்குனி வரை பெரும்பாலும் மொட்டையாக நின்று, சித்திரை, வைகாசியில் பூத்து, பிறகே நன்றாகத் தழைக்கும்.

சரக்கொன்றையும் அப்படியே. அதைப் போல் அழகான நம் நாட்டுப் பூமரம் வேறில்லை என்பேன். ஆனால் மஞ்சள் சரம் தொங்கும் நாளில் அதில் இலை குறைவு. தேக்கு கோடையில் இலையின்றி நிற்கும். வாகையும் முன்கோடையில் உலர்ந்த காய்களைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டு வெறுமனே நின்று, பிறகே தளிர் விடுகிறது. இவற்றை அழகுக்காகவோ மரத்துக்காகவோ தெருவோரத்திலும் வேலி ஓரத்திலும் நடலாம். மேற்குச் சுவரின் காவலை மட்டும் இவற்றிடம் ஒப்படைக்க வேண்டாம்.

வேம்பு மாசியில் உதிர்த்துப் பங்குனிக்குள் தளிர்த்துவிடுகிறது. புங்கமும் ஒரு குறுகிய காலம் உதிர்த்து, கோடை ஏறும் நேரத்தில் பளபளவென்று புது இலை விடுகிறது. பூவரசு, மகிழம், புன்னை, நாவல், மா ஆகியவை ஆண்டு முழுவதும் இலை தாங்குபவை. மேற்கு மூலைக்கு உரியவை இவைதாம்.

எந்த மரம்?

ஒரே ஒரு மரம்தான் நட இயலும் என்று கேட்பவருக்கு நான் புங்கத்தைத்தான் சொல்கிறேன். ஓரளவு உவர் நிலத்திலும், மழைக்காலத்தில் சில நாள் நீர் தேங்கும் நிலத்திலும் தாங்கி வளர்கிறது. பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர் முடிச்சுகள் மூலம் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது. ஆடு மாடுகள் அதிகம் கடிப்பதில்லை. நான்கைந்து ஆண்டில் கட்டில் போட்டுப் படுக்கும் அளவுக்கு நிழல் கிடைக்கும். கவாத்து செய்த தழையை நெல் வயலுக்குப் பசுந்தாளாக மிதிக்கலாம். குறை இல்லாமல் இல்லை. சருகும் பூவும் காயும் நிறைய உதிரும், பெருக்கும் வேலை உண்டு. இலையில் கொப்புளம் போன்ற முடிச்சுகள் தோன்றும். அதனால் மரத்துக்குக் கேடில்லை, மருந்து அடிக்க வேண்டியதில்லை.

வேம்பின் பெருமையை உழவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செம்மண், சரளை நிலங்களில் அதற்கு இணையில்லை. ஆனால் நீர் தேங்கும் களிமண் அதற்கு ஆகாது. வண்டல் பகுதியில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் கொல்லையில் வேம்பு வைத்து, இரண்டாம் ஆண்டே வாடக் கண்டவர்கள் உண்டு. அங்கே புங்கமோ நாவலோ வைப்பது பொருத்தம். அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்தை அடுத்து வேப்பங்கிளைகளின் நுனிகள் நெருப்பில் வாட்டியது போல் பழுப்பாகிக் காய்வதைப் பல மாவட்டங்களில் கண்டிருப்பீர்கள். போமாப்சிஸ் என்னும் பூசணத்தால் வரும் நுனிக்கருகல் நோய் இது. கொசு போன்ற ஒருவகைச் சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சியாலும் நுனி காய்வதுண்டு. பெரும்பாலான மரங்கள் கோடை பிறந்ததும் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. மரம் செத்தது என்று அவசரப்பட்டுக் கோடரி எடுக்க வேண்டாம். இளமரமானால் காய்ந்த நுனிகளை நறுக்கி எரித்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்களுக்குப் பூவரசும் புன்னையும். உப்புக் காற்றை இரண்டும் பொறுக்கும். பூவரசைப் போத்து வெட்டி ஊன்றுவது நம் வழக்கம். வேலிக்கு அது போதும். ஆனால் ஊன்றிய போத்துக்கு ஆணிவேர் கிடையாது. வீட்டருகில் நெடுங்காலம் நிற்க வேண்டிய மரத்தை விதையிலிருந்து வளர்த்த கன்றாகவே வையுங்கள்.

மகிழம் மெதுவாகத்தான் வளரும். நிழலுக்குப் பத்து ஆண்டாவது பொறுக்க வேண்டும். ஆனால் குடை பிடித்தது போல் அடர்ந்த தலை, உறுதியான மரம், காலையில் வாசல் நிறைய மணக்கும் பூ. கிழக்கு வாசலுக்கு இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

தூங்குமூஞ்சி மரம் சாலைக்கும் சந்தைத் திடலுக்கும் உரியது. அதன் கிளை பரவும் அகலத்துக்கு ஒரு வீட்டு மனையே போதாது. மரமல்லியின் வெண்பூ ஐப்பசி, கார்த்திகையில் தெருவையே மணக்கச் செய்யும். ஆனால் உயர்ந்து வளரும் அதன் கிளை எளிதில் முறியும், வேரிலிருந்து கன்றுகள் கிளம்பித் தொல்லை தரும். வீட்டு முன் முருங்கை ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. சிறு காற்றுக்கும் கிளை முறிகிறது, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி தண்டு முழுவதும் மொய்க்கிறது. முருங்கைக்குக் கொல்லைப்புறமே இடம்.

புயலும் மரமும்

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. குல்மோகர், மஞ்சள் பூப் பூக்கும் பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை அவற்றில் மிகுதி. மேலாக ஓடும் வேரும், மெத்தென்ற மரமும், பெரிய தலையும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். நடைபாதைக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டி வேரை அறுத்திருந்த மரங்களும் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் தென்னை முதல் பலா வரை வேரோடு சாய்ந்ததை அப்பகுதி உழவர் மறக்க மாட்டார்கள். எனவே எந்த மரமும் புயலுக்கு அசையாது என்று உறுதி கூற இயலாது. புயலின் நடுப்பகுதி கடக்கும் ஊரில் காற்று நின்று, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். ஆகையால் காற்று வரும் பக்கம் பார்த்து நட்டுவிட்டேன் என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. நம் கையில் இருப்பவை தூரமும் கவாத்தும் வேரும்தான்.

ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன், காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைப் பக்கம் நீளும் கிளை ஆகியவற்றை நீக்கித் தலையைக் காற்றுப் புகும்படி இளக்கி விடுங்கள். மொட்டையடிப்பது வேறு, இது வேறு. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் மேற்பட்டையில் மட்டும் ஒட்டி வளர்வதால் பருத்த பின் அவையே முதலில் முறிந்து விழும். பெரிய கிளையை வெட்டும்போது முதலில் அடிப்பக்கம் ஓர் அரிவு கொடுத்து, பிறகு மேலிருந்து அறுத்தால் தண்டின் பட்டை கிழியாது. மரத்தைச் சுற்றித் தண்டை ஒட்டிச் சிமெண்டு மேடை கட்டுவதும், அடிமரத்தின் மேல் மண் குவிப்பதும் வேரை மூச்சுத் திணற வைக்கும். உட்காரக் கல் போட்டால் போதும்.

மேற்கு மலைக் கணவாய்களை ஒட்டிய பொள்ளாச்சி, உடுமலை, கம்பம் பகுதியினர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனி, ஆடிக் காற்று அங்கே மேற்கிலிருந்து வருகிறது. மேற்கே நட்ட மரம் விழுந்தால் வீட்டின் மேல்தான் விழும். அங்கே வேம்பு, புங்கம் ஆகியவற்றை 30 அடிக்குத் தள்ளுங்கள்.

தொழுவத்துக்கு

வீட்டைக் காட்டிலும் தொழுவத்துக்கு நிழல் அவசரம். கலப்பினப் பசு வெயிலில் இரைத்து, தீவனம் குறைத்து, பாலையும் குறைத்துவிடும். தொழுவத்தின் மேற்கே புங்கமோ பூவரசோ வைக்கலாம். பூவரசு இலையைக் கால்நடைகளும் உண்ணும். ஆனால் அழகுக்காக அரளியை அந்தப் பக்கம் கொண்டு போக வேண்டாம். கவாத்து செய்து போட்ட அரளித் தழையைத் தின்று மாடுகள் இறப்பதுண்டு. மஞ்சள் அரளியின் கொட்டை குழந்தைகளுக்கும் நஞ்சு. நிழலுக்காகவே மரம் தேடும் வீட்டில் இவ்விரண்டும் இல்லாமல் இருப்பதே மேல்.

கன்று வாங்குவதும் நடுவதும்

நாற்றங்காலில் உயரமான கன்றைப் பலரும் கேட்டு வாங்குகின்றனர். நெடுநாள் பையில் இருந்த அந்தக் கன்றின் ஆணிவேர் பையின் அடியில் கயிறு போல் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் அது சுருண்டபடியே பருக்கும். மரம் செழிப்பாகத்தான் தெரியும், பதினைந்தாம் ஆண்டுப் புயலில் முளைக்குச்சி போல் பிடுங்கிக்கொண்டு வரும். எனவே 2, 3 அடி உயரமும் பென்சில் பருமனும் உள்ள இளங்கன்றை எடுங்கள். நடும்போது பாலிதீன் பையை முழுவதும் கிழித்து நீக்கி, சுருண்ட வேர் இருந்தால் விரித்துவிடுங்கள். விரிக்க வராத சுருளைக் கூரிய கத்தியால் நறுக்கிவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆடியிலேயே 2½ அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து வெயில் காய விடுங்கள். மேல்மண்ணைத் தனியே வைத்துக்கொண்டு, அதனுடன் 10 முதல் 15 கிலோ மக்கிய தொழு உரமும், கரையானுக்காக அரைக்கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி, மழை தொடங்கியதும் நடலாம். தென்மேற்குப் பருவமழை பெறும் இடங்களில் சித்திரையில் குழி எடுத்து ஆனியில் நடலாம். முட்டுக்குச்சியைக் கன்றோடு இறுக்கிக் கட்டாமல், எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் ஆடி நிற்கும் தண்டுதான் பருக்கும். ஓராண்டில் குச்சியை எடுத்துவிட வேண்டும்.

முதல் கோடையில் வாரம் இரு முறை ஒரு குடம் நீர், இரண்டாம் கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம். பாத்தியை ஆண்டுதோறும் வெளிப்பக்கம் அகலப்படுத்தினால் வேரும் வெளியே போகும். தண்டின் அடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் வேரும் அங்கேயே நின்றுவிடும். மேற்குப் பக்க மரத்தின் கீழ்க்கிளைகளை அழகுக்காக அவசரமாக நீக்காதீர்கள். 5 மணி வெயில் தாழ்ந்து வருகிறது. அதைத் தடுப்பவை அக்கிளைகளே.

ஏற்கெனவே தவறான இடத்தில் மரம் வளர்ந்துவிட்ட வீடுகளும் பல. மேலே சொன்ன குல்மோகர் வீட்டாரும் வெட்டலாமா என்று கேட்டனர். சுவர்ப் பக்கக் கிளைகளை இப்போதே குறைத்துவிட்டு, வடமேற்கே 22 அடியில் ஒரு புங்கங்கன்றை வைத்து, அது தலையெடுத்த பிறகு குல்மோகரை எடுக்கும்படி கூறினோம். அதுவரை அந்தச் சுவருக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக அகத்தி விதை ஊன்றச் சொன்னோம். அகத்தி ஓராண்டுக்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். கீரையும் தீவனமும் கிடைக்கும். புங்கம் நிழல் விழத் தொடங்கும் மூன்றாம், நான்காம் ஆண்டில் அகத்தியை வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிடலாம்.